நகைக்கடை திவாலானால் வரிசையில் உங்க இடம் எது?



உங்க வீட்டு பீரோவில் ஒரு நகைச்சீட்டு அட்டை இருக்கும். அம்மா பேர்லயோ தங்கச்சி பேர்லயோ இருக்கும். மாசம் ஆயிரமோ ஐயாயிரமோ, 11 மாசம் கட்டணும். முடிஞ்சதும் செய்கூலி, சேதாரத்தில் சலுகையோட நகை எடுத்துக்கலாம். தமிழ்நாட்டில் பாதி கல்யாணத்துக்குத் தங்கம் சேருவது இப்படித்தான்.

இப்போ ஒரு கேள்வி. அந்தக் கடை நாளைக்குக் கதவைச் சாத்திட்டு "கம்பெனி திவால்"னு கோர்ட்டுக்குப் போயிட்டா, நீங்க கட்டின பணத்துக்குச் சட்டம் என்ன இடம் கொடுக்குது?

முதல்லயே சொல்லிடுறோம். இது எந்தக் கடையைப் பற்றியும் பீதி கிளப்புற பதிவு இல்ல. இதை வாட்ஸ்அப்ல "அந்தக் கடை மூடப்போகுதாம்"னு மாத்தி அனுப்பாதீங்க. ஏற்கனவே நடந்த, ஊரறிந்த ஒரு வழக்கை வைத்துப் பேசப்போறோம். மும்பையின் கீதாஞ்சலி ஜெம்ஸ். கிலி, நக்ஷத்ரா, அஸ்மி, டி'டமாஸ்னு டிவியில் விளம்பரம் பார்த்திருப்பீங்களே, அந்த பிராண்டுகளின் கம்பெனி. மெகுல் சோக்சியின் கம்பெனி.

கதையின் முன்பகுதி எல்லாருக்கும் தெரியும், வேகமாகவே தாண்டிடலாம். 2018 பிப்ரவரி 14 அன்று, பஞ்சாப் நேஷனல் வங்கி தன் மும்பை பிராடி ஹவுஸ் கிளையில் 11,400 கோடி ரூபாய் அளவுக்கு மோசடி நடந்திருப்பதாகப் பங்குச் சந்தைக்குத் தெரிவித்தது. பிறகு அந்தத் தொகை 13,000 கோடியைத் தாண்டியது. நீரவ் மோடி, அவர் மாமா மெகுல் சோக்சி ரெண்டு பேரும் ஜனவரியிலேயே நாட்டை விட்டுப் போயிட்டாங்க. வங்கி உத்தரவாதக் கடிதங்கள் ஸ்விஃப்ட் மெசேஜ் வழியா வெளிநாட்டு வங்கிக் கிளைகளுக்குப் போயிருக்கு, ஆனா அந்த ஸ்விஃப்ட் சிஸ்டம் வங்கியின் கோர் பேங்கிங் சாஃப்ட்வேரோடு இணைக்கப்படவே இல்லை. இன்ஜினியரிங் படிச்ச எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இது. காலேஜ் ஃபைனல் இயர் புராஜெக்ட்ல இப்படி ரெண்டு சிஸ்டத்தைத் தனித்தனியா விட்டா வைவாவிலேயே வெளியே அனுப்பியிருப்பாங்க.

போகட்டும். திருடினது எப்படிங்கிறதைப் பற்றி டாக்குமெண்டரியே வந்தாச்சு. மிச்சம் இருந்ததை எப்படி விற்கிறாங்க, விற்ற காசு எந்த வரிசையில் போகுதுங்கிறதைத்தான் யாரும் பேசறதில்ல. அது பரபரப்பா இருக்காது. ஆனா நமக்கு அதுதான் முக்கியம்.

நம்ம ஊர்ல கடன்காரர்களிடமிருந்து தப்பிக்க ஒருத்தர் கோர்ட்டுக்குப் போனா, "ஐ.பி. போட்டுட்டாரு", "மஞ்ச நோட்டீஸ் கொடுத்துட்டாரு"ன்னு சொல்வோம். அது தனி ஆளுக்கும் கூட்டாளிக் கடைக்கும். கம்பெனியாகப் பதிவு செய்த நகைக்கடைன்னா வேற பாதை. 2016-ல் வந்த நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தின்படி, தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகணும். அங்கே வழக்கு ஏற்கப்பட்ட நாளிலிருந்து கம்பெனி நிர்வாகம் முதலாளி கையை விட்டுப் போயிடும். தீர்ப்பாயம் நியமிக்கிற ஒரு நிபுணர் பொறுப்பேற்பார். கம்பெனி மேல யாரும் புதுசா கேஸ் போட முடியாது, ஏற்கனவே போட்ட கேஸும் அப்படியே நிற்கும். கம்பெனியை முழுசா வாங்கி நடத்த ஆள் கிடைக்கிறாங்களான்னு பார்ப்பாங்க. கிடைக்கலன்னா லிக்விடேஷன், அதாவது கம்பெனியைக் கலைத்து, இருப்பதை விற்று, கடன்காரர்களுக்குப் பங்கு போடுவது.

இதுக்குச் சட்டம் கொடுத்த கெடு 180 நாள். நீட்டித்தால், வழக்கு நடக்கிற காலத்தையும் சேர்த்து, 330 நாள்.

கீதாஞ்சலி விஷயத்தில் என்ன நடந்தது? ஐசிஐசிஐ வங்கி போட்ட மனுவை மும்பை தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது 2018 அக்டோபரில். வாங்க ஆள் இல்ல. "சரி, கலைச்சிடுங்க"ன்னு உத்தரவு வந்தது 2024 பிப்ரவரியில். 330 நாள் எங்கே, அஞ்சு வருஷத்துக்கு மேல எங்கே?

இத்தனை காலம் சொத்தெல்லாம் என்ன ஆச்சு? பெரும்பகுதி அமலாக்கத்துறையின் முடக்கத்தில் கிடந்தது. 2018 மார்ச் தொடக்கத்திலேயே 41 சொத்துகள், 1,217 கோடி ரூபாய் மதிப்புன்னு அறிவிச்சாங்க. மும்பையில் 15 அடுக்குமாடி வீடு, 17 அலுவலகம், கொல்கத்தாவில் ஒரு மால், அலிபாக்கில் பண்ணை வீடு, ஹைதராபாத் பக்கத்தில் ரங்காரெட்டி மாவட்டத்தில் 170 ஏக்கர் பூங்கா. நாசிக், நாக்பூர், பன்வெல், அப்புறம் நம்ம விழுப்புரம் என்று பல ஊர்களில் சேர்த்து 231 ஏக்கர் நிலம். ஆமா, விழுப்புரம்தான். மும்பை வைர வியாபாரி மேல எழுந்த மோசடி வழக்கின் பட்டியலில் நம்ம மாவட்டத்து மண்ணும் இருக்கு.

முடக்கம் தேவையில்லைன்னு சொல்ல வரல. முடக்கலன்னா அதையும் விற்றுட்டு ஓடியிருப்பாங்க. ஆனா முடக்குறது ஒரு துறை, விற்கிற பொறுப்பு தீர்ப்பாயம் நியமித்த லிக்விடேட்டருக்கு, கடன் கொடுத்தது வங்கி. மூணு பேரும் மூணு இடத்தில் மனு போட்டுக்கிட்டு இருந்தா வீடு பூட்டியே கிடக்கும், மெஷின் துருப்பிடிக்கும், சொசைட்டி மெயின்டனன்ஸ் பாக்கி ஏறும், வக்கீல் ஃபீஸ் ஏறும். 2024-ல்தான் அமலாக்கத்துறையும் வங்கிகளும் சேர்ந்து சிறப்பு நீதிமன்றத்தில் மனு போட, 2,565 கோடி ரூபாய் சொத்துகளை விற்றுக் கடன்காரர்களுக்குத் தர அனுமதி கிடைத்தது. அதில் முதல் கட்டமா லிக்விடேட்டர் கைக்கு வந்தது 125 கோடி ரூபாய் மதிப்பு: சாந்தாக்ரூஸ் கேனி டவரில் இருக்கிற வீடுகள், சீப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் ரெண்டு தொழிற்கூடங்கள். 2025 நவம்பரில் இன்னும் 13 சொத்துகளை, சுமார் 46 கோடி மதிப்பு, ஏலம் விட நீதிமன்றம் சரின்னு சொன்னது. போரிவலியில் ஒரு ஃபிளாட், பாந்த்ரா குர்லாவில் வைரச் சந்தைக் கட்டடத்தில் ஒரு அலுவலகம், கோரேகானில் தொழிற்பேட்டைக் கூடங்கள், வெள்ளிக் கட்டிகள் எல்லாம் அதில் அடக்கம்.

கடன்காரர்கள் கேட்கிறது எவ்வளவு தெரியுமா? சுமார் 12,500 கோடி. அனுமதி கிடைத்த 2,565 கோடியும் சொன்ன விலைக்கே போனாலும் ரூபாய்க்கு 20 பைசா.

சொன்ன விலைக்குப் போகுமா? இங்கேதான் நகைக் கம்பெனி மற்ற கம்பெனிகளிலிருந்து மாறுபடுது. கொஞ்சம் நிதானமா படிங்க.

ஒரு ஸ்டீல் ஆலை திவாலானா, ஆலை அங்கேயே இருக்கும். ஃபர்னஸைத் தூக்கிட்டு ஓட முடியாது. நகைக் கம்பெனியின் சொத்து பாக்கெட்டில் அடங்கும். 2020 ஜூனில் ஹாங்காங்கிலிருந்து 108 பார்சல்களை அமலாக்கத்துறை திருப்பிக் கொண்டு வந்தது. மொத்தம் 2,340 கிலோ, உள்ளே பட்டை தீட்டிய வைரமும் முத்தும் நகையும், மதிப்பு 1,350 கோடின்னு சொன்னாங்க. நீரவ் மோடி, சோக்சி ரெண்டு பேரின் கம்பெனிகளுக்கும் சேர்ந்த சரக்கு. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அவ்வளவு சரக்கை நகர்த்த கார்கோ ஃபிளைட் போதும்.

அடுத்தது விலை. நகைக்கடையில் நீங்க ஒரு வளையல் வாங்கும்போது தங்க விலைக்கு மேல செய்கூலி, சேதாரம், கல் விலை, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்துக் கொடுக்குறீங்க. அதே வளையலைத் திருப்பி விற்கப் போனா என்ன கிடைக்கும்? கல்லைக் கழித்து, அழுக்கைக் கழித்து, உருக்கின எடைக்குத்தான் காசு. இது உங்களுக்கே தெரியும். திவாலான கம்பெனியின் ஸ்டாக்கும் அதே கதைதான். கணக்குப் புத்தகத்தில் ஷோரூம் விலை இருக்கும், ஏலத்தில் வருகிறவர் தராசு விலை பேசுவார். தங்கமாவது பரவாயில்ல, தினசரி விலை இருக்கு. வைரத்துக்கு அதுவும் இல்ல. ஒவ்வொரு கல்லையும் தனித்தனியா எடுத்துத் தரம் பார்க்கணும். "இவ்வளவு கோடி வைரம் பறிமுதல்"னு டிவியில் வருகிற முதல் நாள் கணக்கை நம்பி மனக்கணக்குப் போடாதீங்க.

பிராண்ட் பெயருக்கு ஒரு விலை உண்டு இல்லையா? உண்டு, பெயர் நல்லா இருக்கிற வரைக்கும். நகை வியாபாரத்தின் மூலதனமே நம்பிக்கை. சோப்பு கம்பெனி முதலாளி ஜெயிலுக்குப் போனாலும் சோப்பு நுரைக்கும். நகைக் கம்பெனி முதலாளி ஓடிட்டார்னா, அடுத்த நாள் அந்தப் பெயர் போட்ட பெட்டியை வாங்க யார் வருவாங்க?

ஏல விதியையும் தெரிஞ்சுக்கோங்க. சொத்துக்கு ஒரு அடிப்படை விலை வைப்பாங்க. ஆன்லைன் ஏலத்தில் யாரும் கேட்கலன்னா, அடுத்த ஏலத்துக்கு அந்த விலையை 25 சதவீதம் வரை குறைக்கலாம். அப்பவும் போகலன்னா, அடுத்தடுத்து ஒவ்வொரு தடவையும் 10 சதவீதம் வரை. அதனால் விவரமான ஏலதாரர் முதல் தடவை கை தூக்கவே மாட்டார், காத்திருப்பார். காத்திருக்க வசதி உள்ளவனுக்கே இந்த ஏலம் லாபம். ஒரு நல்ல விஷயம், திவாலாக்கின முதலாளியோ அவர் உறவினரோ பின்வாசல் வழியா வந்து குறைஞ்ச விலைக்கு வாங்கிடாதபடி சட்டத்தின் 29-ஏ பிரிவு தடுக்குது. அது இருக்கணும். பாராட்டவும் செய்யுறோம்.

சரி, விற்றாச்சு, காசு வந்தாச்சு. இப்போ வரிசை.

திவால் சட்டத்தின் 53-வது பிரிவு ஒரு ரேஷன் கடை வரிசை மாதிரி. மொத்தம் எட்டுப் படி. முன்னாடி நிற்பவருக்கு முழுசா கொடுத்த பிறகுதான் அடுத்தவருக்கு. முதல் படியில் இந்த நடவடிக்கைக்கான செலவு: நிபுணர் சம்பளம், வக்கீல் செலவு, காவலாளி, குடோன் வாடகை. ரெண்டாவது படியில், அடமானத்தை விட்டுக்கொடுத்து வரிசைக்கு வந்த வங்கிகளும், அவங்களோட சரிசமமா தொழிலாளர்களின் கடைசி 24 மாச பாக்கியும். மூணாவது, மற்ற ஊழியர்களின் 12 மாச சம்பளம். நாலாவது, அடமானம் இல்லாமல் கடன் கொடுத்தவங்க. அஞ்சாவது, அரசுக்குச் சேர வேண்டிய வரி பாக்கி. அதே படியில், தன் அடமானத்தைத் தானே விற்றுக்கொண்ட வங்கிக்கு இன்னும் பாக்கி இருந்தா அதுவும்.

ஆறாவது படி: "மீதமுள்ள கடன்களும் பாக்கிகளும்".

நீங்க அங்கேதான் நிற்கிறீங்க தோழர்களே. மாசாமாசம் சீட்டு கட்டின அம்மா, கம்பெனிக்கு கம்ப்யூட்டர் சப்ளை செய்தவர், விளம்பர ஏஜென்சி, டீ சப்ளை பண்ணினவர் எல்லாரும் ஒரே படி. ரூபாய்க்கு 20 பைசா தேறுகிற இடத்தில் ரெண்டாவது படியே முழுசா நிரம்பாது. ஆறாவது படிக்கு என்ன வரும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. உங்களுக்குக் கீழே இருப்பது முன்னுரிமைப் பங்குதாரரும் சாதாரணப் பங்குதாரரும் மட்டும்தான். அவங்க லாபத்தில் பங்கு கேட்டு, ரிஸ்க் தெரிஞ்சு வந்தவங்க. சீட்டு கட்டினவங்க எந்த லாபத்தில் பங்கு கேட்டாங்க? ஒரு செயின் கேட்டாங்க, அவ்வளவுதான்.

சரி, தீர்ப்பாயத்துக்கு நாமே போய் மனு போட முடியாதா? 2022-ல் உச்ச நீதிமன்றம் சென்னை மெட்ரோ சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், பொருளுக்கோ சேவைக்கோ முன்பணம் கொடுத்தவரும் 'செயல்பாட்டுக் கடன்காரர்'தான்னு சொல்லியிருக்கு. நல்ல தீர்ப்பு. ஆனா மனு போடக் குறைந்தபட்ச பாக்கி 1 கோடி ரூபாய். 2020 மார்ச்சுக்கு முன்னாடி அது 1 லட்சமா இருந்தது. 55,000 ரூபாய் சீட்டு கட்டினவங்க அந்த வாசல்படியை மிதிக்கக்கூட முடியாது. யாராவது வங்கி மனு போட்ட பிறகு கோரிக்கைப் படிவம் கொடுக்கலாம். ஆனா கம்பெனியின் எதிர்காலத்தை முடிவு பண்ணுகிற கடன்காரர் குழுவில் ஓட்டு கிடையாது.

இது இயற்கை விதி ஒண்ணும் இல்ல. மாற்றலாம், மாற்றியும் இருக்காங்க. ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கட்டி ஏமாந்த குடும்பங்கள் தெருவில் இறங்கிப் போராடினதும், 2018-ல் ஒன்றிய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து வீடு வாங்குபவர்களை 'நிதிக் கடன்காரர்' ஆக்கியது. அதனால் அவங்களுக்குக் குழுவில் ஓட்டு உண்டு, வரிசையிலும் முன்னாடி வந்தாங்க. அதை மனசார வரவேற்கிறோம். நாங்க கேட்கிறது ஒரே கேள்விதான்: பில்டரிடம் தவணையில் பணம் கட்டினவருக்குக் கிடைத்த மரியாதை, நகைக்கடையில் தவணை கட்டினவருக்கு ஏன் இல்ல? ஃபிளாட் வாங்குறவர் மிடில் கிளாஸ், சீட்டு கட்டுறவங்க வீட்டு வேலைக்குப் போறவங்களும் பனியன் கம்பெனிக்குப் போறவங்களும்னா?

இன்னொரு உதாரணம், இது இன்னும் உறுத்தும். இதே கீதாஞ்சலி குழுமத்துக்கு அமெரிக்காவில் சாமுவேல்ஸ் ஜுவல்லர்ஸ் என்று ஒரு கம்பெனி இருந்தது. டெக்சாஸில் தலைமையகம், சுமார் 120 கடைகள். இங்கே மோசடி வெடித்த ஆறே மாசத்தில், 2018 ஆகஸ்டில், அது டெலவேர் திவால் நீதிமன்றத்துக்குப் போனது. கடைகளை மூடி, ஸ்டாக்கைத் தள்ளிவிடும் விற்பனை நீதிமன்ற மேற்பார்வையில் நடந்தது. நீரவ் மோடியின் ஃபயர்ஸ்டார் டயமண்ட் கம்பெனி இன்னும் சீக்கிரம். பஞ்சாப் நேஷனல் வங்கி வாயைத் திறந்த 12-வது நாளே நியூயார்க் நீதிமன்றத்தில் மனு. அங்கே நீதிமன்றம் தனியா ஒரு ஆய்வாளரை நியமித்தது, அவர் ஆகஸ்டுக்குள்ளே அறிக்கை கொடுத்துட்டார்.

அமெரிக்கா சொர்க்கம்னு சொல்ல வரல. அங்கேயும் அடமானம் வைத்திருக்கிற வங்கி முதல்ல எடுத்துக்கும். ஆனா அந்த நாட்டுத் திவால் சட்டத்தின் 507-வது பிரிவில் ஒரு வரி இருக்கு. சொந்த உபயோகத்துக்கு, குடும்ப உபயோகத்துக்குப் பொருள் வாங்க ஒரு தனிநபர் முன்பணம் கட்டி, பொருள் கைக்கு வரலன்னா, அந்தப் பணத்துக்கு ஒரு வரம்பு வரை முன்னுரிமை. 2018-ல் அந்த வரம்பு ஆளுக்கு 2,850 டாலர். மூணு வருஷத்துக்கு ஒரு தடவை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்துவாங்க. மற்ற சாதாரணக் கடன்காரர்களுக்கு முன்னாடி அந்த வாடிக்கையாளர் நிற்பார், அரசின் வரி பாக்கிக்கும் முன்னாடியே.

ஒரே குழுமத்தின் கடை. டெக்சாஸில் மோதிரத்துக்கு அட்வான்ஸ் கட்டினவருக்குச் சட்டத்தில் தனி வரி. இந்தியாவில் கட்டினவர் டீ சப்ளை பாக்கியோட ஒரே படியில்.

"நம்ம மாநிலத்தில் தனிச் சட்டம் இருக்கே?"ன்னு சிலர் கேட்பீங்க. இருக்கு. 1997-ல் தமிழ்நாடு கொண்டுவந்த முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம். பணமாகவோ பொருளாகவோ திருப்பித் தர்றதா சொல்லி டெபாசிட் வாங்கி ஏமாற்றினால், அரசு சொத்தை முடக்கி, சிறப்பு நீதிமன்றம் மூலமா விற்று, டெபாசிட் கட்டினவங்களுக்கு விகிதப்படி பிரித்துக் கொடுக்கலாம். அந்தச் சட்டம் செல்லும்னு 2011-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. 2023-ல் பிரணவ் ஜுவல்லர்ஸ் கடைகள் மூடப்பட்டப்போ, திருச்சியில் ஜனங்க பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குத்தான் ஓடினாங்க. அந்த வாசலில் 1 கோடி ரூபாய் வரம்பெல்லாம் கிடையாது. ஆனா கடை ஒரு கம்பெனியா இருந்து திவால் தீர்ப்பாயத்துக்கும் போயிட்டா சிக்கல். ஒன்றியச் சட்டத்தின் 238-வது பிரிவு, மற்ற சட்டத்தோடு முரண் வந்தா இந்தச் சட்டமே செல்லும்னு சொல்லுது. ஒரே கட்டடத்துக்கு மாநில அரசின் முடக்க ஆணையும் லிக்விடேட்டரின் ஏல நோட்டீஸும் போட்டி போட ஆரம்பித்தா, நஷ்டம் சீட்டு கட்டினவருக்குத்தான்.

அதனால எங்க கோரிக்கை நீளமானது இல்ல. சொந்த உபயோகத்துக்கு நகை வாங்கத் தவணை கட்டின தனிநபர்களுக்கு, ஒரு வரம்பு வரை, தொழிலாளர் பாக்கிக்கு அடுத்த இடத்தில் முன்னுரிமை கொடுங்க. வரம்பு 1 லட்சமா, 2 லட்சமான்னு பேசிக்கலாம். தொழிலாளிக்கு முன்னாடி நிற்கணும்னு நாங்க கேட்கல. பட்டறையில் உட்கார்ந்து கல் பதித்தவரின் சம்பளம் முதலில் போகட்டும். ரெண்டாவது, அமலாக்கத்துறை முடக்கின சொத்தை லிக்விடேட்டரிடம் ஒப்படைக்க ஒரு கெடு வைங்க. 2018-ல் முடக்கினதை 2024-ல் கொடுப்பது யாருக்கும் லாபமில்ல, குற்றவாளியின் வக்கீலைத் தவிர.

"வங்கிக்கு நஷ்டம் வருமே, அதுவும் பொதுமக்கள் காசுதானே?" நியாயமான கேள்வி, கமெண்ட்டில் கட்டாயம் வரும். பதில் இதுதான். வங்கியிடம் கடன் கேட்டவரின் பேலன்ஸ் ஷீட் இருக்கு, ஸ்டாக் ஆடிட் செய்ய ஆள் இருக்கு, அடமானம் கேட்க அதிகாரம் இருக்கு. சீட்டு கட்டினவங்க கையில் ஒரு அட்டை மட்டும்தான் இருக்கு. தப்பைக் கண்டுபிடிக்க வாய்ப்பு உள்ளவன் முதல் அடியை வாங்கணும். தன் ஸ்விஃப்ட்டையே கோர் பேங்கிங்கோடு இணைக்காத வங்கிக்கு, சீட்டு கட்டின அம்மாவைவிட முன்னாடி நிற்க அவ்வளவு தார்மீக உரிமை எங்கிருந்து வந்தது?

சட்டம் மாறுகிற வரைக்கும் நாம செய்ய வேண்டியது சிலது இருக்கு.

👉 சீட்டு 11 மாசத்தில் முடிவது சும்மா இல்ல. கம்பெனி, பொருளுக்கான முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துக் கணக்கு முடிக்கலன்னா, அது 'டெபாசிட்' ஆயிடும், விதிகள் இறுகும். அதனால் முடிஞ்ச சீட்டை "தங்கம் இறங்கட்டும்"னு கடையிலேயே விட்டு வைக்காதீங்க. முடிஞ்ச அன்னிக்கே நகையா எடுத்துடுங்க. ஒரே கடையில் நாலு சீட்டும் போடாதீங்க.

👉 ரசீதில் கம்பெனியின் முழுப்பெயர் இருக்கான்னு பாருங்க. போர்டில் ஒரு பெயர், ரசீதில் வேற பெயர்னா ஏன்னு கேளுங்க. ஒவ்வொரு தவணையும் ஆன்லைனில் கட்டினா தடயம் இருக்கும். அட்டையை ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்க.

👉 ரிப்பேருக்கோ பாலிஷுக்கோ கொடுத்த நகை சட்டப்படி உங்களுடையதுதான். மற்றவருக்குச் சொந்தமான, பொறுப்பில் ஒப்படைத்த பொருளை லிக்விடேட்டர் விற்கக் கூடாதுன்னு 36-வது பிரிவு சொல்லுது. ஆனா அதை நிரூபிக்கணும். எடையும் விவரமும் எழுதின ரசீது இல்லாம ஒரு மூக்குத்தியைக்கூடக் கொடுக்காதீங்க. பழைய நகையை 'எக்ஸ்சேஞ்ச்'னு கொடுத்து வரவு வைத்துக்கொண்டா கதை வேற. அது அப்புறம் உங்க நகை இல்ல, வெறும் பாக்கி.

👉 கடை மூடிட்டா வாசலில் கத்திட்டு வீட்டுக்கு வந்துடாதீங்க. பொருளாதாரக் குற்றப்பிரிவில் எழுத்து மூலமா புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்குங்க. கம்பெனி தீர்ப்பாயத்துக்குப் போனா, ஒரு ஆங்கில நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் அறிவிப்பு வரும். அதில் சொன்ன கெடுவுக்குள் கோரிக்கைப் படிவம் கொடுக்கணும். ஆறாவது படியா இருந்தாலும் பெயர் பட்டியலில் இருக்கணும். பட்டியலில் இல்லாதவருக்கு நாளைக்குச் சட்டம் மாறினாலும் ஒண்ணும் கிடைக்காது.

படிவம் நிரப்பத் தெரியலன்னா உங்க வார்டு ஐடி விங் தோழரிடம் கேளுங்க. ஒரு மணி நேர வேலைதான், செய்து கொடுப்போம். ஏற்கனவே சீட்டுப் பணம் மாட்டிக்கிட்டவங்க, எந்த வருஷம், எவ்வளவு, புகார் கொடுத்தீங்களா இல்லையான்னு மட்டும் இன்பாக்ஸில் அனுப்புங்க. போன் நம்பர், ஆதார் எதையும் கமெண்ட்டில் போடாதீங்க.

#நகைச்சீட்டுக்கு_முன்னுரிமை #ஆறாவது_படி